மூன்று துளைப் படகு

புவனேந்திரன் முடிச்சுப் போடமாட்டார்.

மலேசியாவில், மலாக்காவின் குருபோங் தொழிற்பேட்டையில் சமையலறை கேபினட் செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. பலகை அறுப்பார், விளிம்பு ஒட்டுவார், கதவுக்குக் கீல் மாட்டுவார். லாரியில் ஏற்றிய சாமானைக் கயிறு போட்டுக் கட்டும் நேரத்தில் மட்டும் ஆள் காணாமல் போய்விடுவார். "கயித்தைப் பார்த்தா புவாவுக்கு வயித்தால போகுது லா" என்று லாரி டிரைவர் திலீப் சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் அங்கே பழகிப்போன தமாஷ். காலில் நாடா இல்லாத சப்பாத்து. கோயிலுக்குப் போனால் ஒட்டிக்கொள்ளும் வேட்டி. கலைமதிக்குத் தாலி கட்டிய அன்று முதல் முடிச்சை அவர் போட்டார், மீதி இரண்டை அவருடைய அக்கா உஷாராணி போட்டாள். அது வழக்கம்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அந்த ஒரு முடிச்சையும் அவர் இறுக்காமல் விட்டதைக் கலைமதி வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

வெட்கம் இல்லை. காரணம் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், ஒரு பகல் பதினொரு மணிக்கு நடந்தது.

அப்போது புவனேந்திரனுக்குப் பத்து வயது. தங்கை பவானேஸ்வரிக்கு ஏழு. அப்பாவும் அம்மாவும் மரம் சீவப் போயிருந்தார்கள். பதினைந்து வயது உஷாராணி வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், நாற்றுகளுக்குத் தண்ணீர் இறைக்கிற குளம். பையன் இரண்டு காலி ஆசிட் டிரம்மும் மூன்று பலகையும் சேர்த்துக் கம்பியால் பிணைத்து ஒரு தெப்பம் செய்திருந்தான். தங்கை நான்தான் முதலில் ஏறுவேன் என்று அழுதாள். ஏற்றினான். ஏற்றிய பிறகு, இவள் ஆடுவாளே, விழுந்துவிடுவாளே என்று பயம் வந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் பழைய பருத்திச் சேலையை உருவிக்கொண்டு ஓடிவந்தான். அவள் இடுப்பைச் சுற்றிப் பலகையோடு சேர்த்துக் கட்டினான். ஒன்றுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டான்.

"இறுக்கமா இருக்கா?"

"இறுக்கமாத்தான் இருக்கு."

திருப்தியாகத் தள்ளிவிட்டான்.

கரையிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில் ஒரு டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து தெப்பம் குப்புறக் கவிழ்ந்தது. பையன் குதித்தான். நனைந்த பருத்தியில் விழுந்த முடிச்சு விரலுக்கு அசைந்து கொடுக்காது. மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி போய், நகத்தால் பிடுங்கி, கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தான். அதற்குள் அவிழ்ப்பதற்கு அவசரம் இல்லாமல் போயிருந்தது. அவளைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பத்து வயதுப் பையன் ஒரு காரியம் செய்தான். சேலையைச் சுருட்டிக் குளத்துச் சேற்றுக்குள் காலால் மிதித்து அழுத்தினான். ஆட்கள் ஓடிவந்தபோது, "வழுக்கி விழுந்துட்டா" என்றான்.

இரண்டே சொல். தோட்டம் முழுக்க நம்பியது. தங்கச்சியைக் காப்பாற்றக் குதித்த பிள்ளை என்று தோள் தட்டிப் பேசியது. அந்தத் தட்டு இன்னும் அவர் தோளில் இருக்கிறது.

பவானேஸ்வரி அவரைப் பயமுறுத்த வந்ததில்லை. வேலை நேரத்தில் வருவாள். ஒட்டிய பலகை விலகாமல் இருக்கக் கவ்வியை மாட்டித் திருகுவார். திருகு நிற்கும் இடத்தில், காதருகே, சாதாரணக் குரலில், "இறுக்கமாத்தான் இருக்கு" என்பாள். அவ்வளவுதான். பட்டறையில் நாள் ஒன்றுக்கு அறுபது கவ்வி.

இப்படிப்பட்ட மனிதர் படகு கட்ட இறங்கியதற்கு அவருடைய மகள் தாரணி காரணம். பதின்மூன்று வயது, ஒரே பிள்ளை. மஸ்ஜித் தானா பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் வீடு. அந்தப் பெண்ணை அவர் வாய்க்கால் ஓரம்கூட நடக்க விட்டதில்லை. சென்ற வருடப் பள்ளி விடுமுறையில் அவள் போனில் ஒரு படம் பார்த்தார். லூபோக் சீனா பக்கம், மணல் அள்ளிவிட்டுப் போன பழைய குளம். நடுக்குளத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் படகு. அதில் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு தாரணி.

"யாரைக் கேட்டுப் போனே?"

"அம்மாவை."

கலைமதி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "நான்தான் அனுப்பினேன். ரெண்டு வருசமா ஸ்விம்மிங் கிளாசுக்கும் நான்தான் அனுப்புறேன். டியூஷன்னு சொன்னது அதான். சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"ரெண்டு வருசமாவா?"

"முடி ஈரமா வந்து நிப்பா. டியூஷன்ல மழையான்னு ஒருநாள் கேட்டீங்க. ஆமான்னா. நம்பிட்டீங்க."

அவர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. இரண்டு நாள் ஓவர்டைம் போட்டுப் பலகை அறுத்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "போறதுன்னு ஆயிடுச்சு. இனிமே நான் செஞ்ச படகுல போ. எனக்குத் தெரியாத படகுல ஏறாதே" என்றார். தாரணி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கலைமதி துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தங்கை குளத்தில் வழுக்கி விழுந்து இறந்த கதை அவளுக்குத் தெரியும். அந்தக் கதை மட்டும்தான் தெரியும்.

அப்பாவும் மகளுமாக இணையத்தில் தேடினார்கள். பிளைவுட்டை வடிவாக அறுத்து, ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் பசையும் கண்ணாடி இழைத் துணியும் போட்டு ஒட்டும் முறை. பசை இறுகியதும் கம்பிகளை வெட்டி உருவிவிடலாம். கேபினட் செய்கிற கைக்கு அது பெரிய காரியம் இல்லை. முப்பது வரைபடம் பார்த்து, கடைசியில் இரண்டை அச்செடுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை தெங்கேராவில் கைருதீன் பாயின் கடைக்குப் போனார்கள். மீன்பிடிப் படகுக்காரர்களுக்குப் பசையும் பெயின்ட்டும் விற்கும் கடை. பாய்க்குத் தெரியாத படகு மலாக்காக் கரையில் கிடையாது என்று பாயே சொல்வார்.

"நூஹு நபிக்கு அப்புறம் வீட்டு முன்னால கப்பல் கட்டுற ஆளு நீதான் தம்பி" என்றார் பாய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "சரி, காட்டு. ஜோடி ஜோடியா மிருகம் ஏத்தப் போறியா, குடும்பம் மட்டுமா?"

"மூணு பேர் பாய்."

முதல் வரைபடம் கனூ. பதினைந்து அடி, தட்டை அடிப்பாகம், மேலே முழுக்கத் திறப்பு, மூன்று குறுக்குப் பலகையில் மூன்று பேர். இரண்டாவது காயாக். பதினெட்டு அடி நீளம், ஒடுங்கின உடம்பு, மேலே தளம் போட்டு மூடி, அந்தத் தளத்தில் ஆள் இறங்கி உட்கார மூன்று துளை.

"இது கட்டில்" என்று பாய் முதல் தாளில் விரல் வைத்தார். "உக்காந்து நாசி லெமாக் சாப்பிடலாம். ஆனா காத்து அடிச்சா இலை மாதிரி தள்ளிக்கிட்டுப் போயிடும். இது ஊசி. சொன்ன இடத்துக்குப் போகும். பிள்ளைக்கு எது பிடிச்சிருக்கு?"

"ஊசிதான் அங்கிள்" என்றாள் தாரணி.

"அதானே. வயசு அப்படி." பாய் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். துளைக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கும் படம். அவன் இடுப்பைச் சுற்றி ஒரு துணி. துணியின் விளிம்பு துளையின் விளிம்போடு இழுத்துப் பிடித்திருந்தது. "இது என்னம்மா, கைலியா கட்டியிருக்கான்?"

"தண்ணி உள்ள வராம இருக்க, இடுப்பைப் படகோட சேர்த்துக் கட்டுறது அங்கிள்."

புவனேந்திரன் இரண்டு தாளையும் பிடுங்காத குறையாக வாங்கி மடித்தார். "பலகை மட்டும் போடுங்க பாய். எதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

"ரெண்டுக்கும் பலகை ஒரே கணக்கு வராது தம்பி."

"கூடுதலாவே போடுங்க."

திரும்பும் வழியில் காடி ஓட்டும்போது அவருக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. ஏர்கோன் வேலை செய்யவில்லையா என்று தாரணி கேட்டாள். நன்றாகத்தான் வேலை செய்தது.

பிளைவுட் வந்து போர்டிக்கோவில் சாய்ந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. முதல் வாரம் கனூ என்று முடிவு செய்தார். அட்டையில் சின்னதாக ஒன்று வெட்டி ஒட்டிப் பார்த்தார். நாலா பக்கமும் திறப்பு. பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீருக்குள் போவாள். வேண்டாம். இரண்டாவது வாரம் காயாக். அதையும் அட்டையில் வெட்டினார். துளைக்குள் ஒரு தீக்குச்சியை நிறுத்தி, வாளித் தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தார். படகு மிதந்தது. தீக்குச்சி அடியில் தலைகீழாக அப்படியே நின்றது. அதை எடுத்துக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

ஒன்றில் விழுந்துவிடுவாள். இன்னொன்றில் விழவே முடியாது. பத்து வயதில் கொடியடியில் நின்று யோசித்த அதே யோசனை. அப்போது அரை நிமிடத்தில் முடிவெடுத்தவருக்கு இப்போது மூன்று மாதம் போதவில்லை. அட்டைப் படகுகள் அலமாரி மேல் ஏழு, எட்டு என்று சேர்ந்தன. வேலைக்குக் கிளம்பும்போது பலகையைத் தொட்டுவிட்டுப் போவார். வந்ததும் தொடுவார்.

"சாமி ரூம்பைக்கூட இப்படி சுத்தி வந்ததில்ல நீங்க" என்றாள் கலைமதி. "பலகைக்கு ஒரு பொட்டு வச்சு விடட்டுமா?"

தாரணிக்குக் கேலி செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. "அப்பா, உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்லிடுங்கப்பா. நான் அந்த மஞ்சள் படகுலயே போய்க்கிறேன்."

அதுதான் அவருக்கு நெஞ்சில் இறங்கியது. இன்னும் ஒரு மாதம் இழுத்தால் பிள்ளை போய்விடும். யாரோ செய்த படகில், யாரோ தள்ளிவிட.

ஆடி பிறந்ததும் நியாலாசிலிருந்து உஷாராணி அக்கா போன் செய்தாள். ஆடி ஞாயிறு கன்னிக்குப் படையல். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளை அந்தக் குடும்பத்தில் சாமி. வருடம் ஒருமுறை அவளுக்குப் புதுப் பாவாடை வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுவார்கள். அம்மா இருந்தவரை அம்மா செய்தார். பிறகு அக்கா எடுத்துக்கொண்டாள். நல்லது கெட்டது எதுவானாலும் பவானேஸ்வரியைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் நடக்காது.

போனில் கலைமதி படகுக் கதையைக் கொட்டித் தீர்த்துவிட்டாள். அக்கா சிரித்தாள். "இதுக்குப் போய் மூணு மாசமாவா? அவன்கிட்ட போனைக் குடு. டேய் தம்பி, அவகிட்டயே கேட்டுருவோம். பூ கட்டிப் போடுவோம். சிவப்பு வந்தா துளைப் படகு, வெள்ளை வந்தா திறந்த படகு. பாப்பா எடுக்கட்டும்."

புவனேந்திரன் உடனே சரி என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினார். அவர் கணக்கு சுலபமானது. இடுப்பைக் கட்டி உள்ளே வைக்கிற படகை எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் என்றால், பவானேஸ்வரி சொல்வாள். அவள் பக்கத்தில் இருந்தால் தாரணியின் கை வெள்ளைப் பொட்டலத்துக்கே போகும். திறந்த படகு. முடிவு அவள் சொன்னதாக ஆகிவிடும்.

அந்த ஞாயிறு அக்கா வீட்டுக் கூடத்தில் இலை போட்டாயிற்று. மீ கோரெங் நூடுல்ஸ், வறுத்த நெத்திலி, சர்க்கரைப் பொங்கல், ஒரு போத்தல் ஐஸ்கிரீம் சோடா. ஏழு வயசுப் பிள்ளையின் ருசி முப்பத்தைந்து வருடமாக மாறவில்லை. மூங்கில் கூடைக்குள் மடித்து வைத்த சிவப்புப் பாவாடை. அக்கா இரண்டு வாழைச்சருகுப் பொட்டலங்களைக் கட்டினாள். ஒன்றில் செம்பருத்தி, ஒன்றில் நந்தியாவட்டை. கலைத்துப் போட்டாள்.

"அத்தையை நெனச்சுக்கிட்டு எடு."

தாரணி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். அக்கா பிரித்தாள்.

சிவப்பு.

"துளைப் படகு!" தாரணி கை தட்டினாள்.

"அவ சொல்லிட்டா. செஞ்சிடு தம்பி" என்று அக்கா தட்டில் சூடம் ஏற்றினாள்.

"மறுபடி போடுக்கா."

"என்னது?"

"மறுபடி போடு. சரியா கலைக்கல நீ."

"நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறியாடா? சாமி கிட்ட கேட்டா ஒரு தடவைதான்."

"அவ அதைக் கேக்கமாட்டாக்கா."

"ஏன் கேக்கமாட்டா?"

சூடம் எரிந்துகொண்டிருந்தது. புவனேந்திரன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ வழுக்கி விழல. நான் கட்டினேன். அம்மா சேலையை எடுத்து அவ இடுப்பைச் சுத்திப் பலகையோட கட்டினேன். கவுந்தப்போ அவ அடியில மாட்டிக்கிட்டா. என்னால அவுக்க முடியல. சேலையைச் சேத்துல மிதிச்சிட்டு வந்து பொய் சொன்னேன்."

சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கலைமதி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். தாரணி கையிலிருந்த சருகைக் கீழே வைத்தாள்.

அக்கா அழவில்லை. சூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"குளிப்பாட்டினது யாரு? அம்மா மயங்கிக் கெடந்தா. நானும் ராஜம்மா சின்னம்மாவும்தான். இடுப்பைச் சுத்திக் கோடு இருந்துச்சு. சின்னம்மா என்னைப் பார்த்தா, நான் சின்னம்மாவைப் பார்த்தேன். பாவாடையை ஏத்திக் கட்டி மறைச்சிட்டோம். பத்து நாள் கழிச்சு அம்மா சேலையைத் தேடுனா. கிழிச்சுக் கரித்துணி ஆக்கிட்டேன்னு சொல்லி விறகுக் கட்டையால அடி வாங்கினேன். இந்தா, இங்கதான்." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லி? ரெண்டாவதா உன்னையும் குளத்துல போடச் சொல்றியா?" இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "நான் வாயைத் தச்சுக்கிட்டு இருந்தேன் டா இத்தனை வருசமும். நீ ஒரு பூவுக்குப் பயந்து பிள்ளை முன்னாடி தொறந்துட்டே."

கூடையிலிருந்து பாவாடையை எடுத்து உதறி அவர் முன்னால் நீட்டினாள். இடுப்பில் நாடா ஓட்டும் இடம் வெறுமையாக இருந்தது. "ஒவ்வொரு வருசமும் கடையில வாங்கி, நாடாவை உருவிட்டுத்தான் வைக்கிறேன். அம்மா காலத்துல அம்மாவுக்குத் தெரியாம உருவுவேன். நீ ஒருநாளாவது எடுத்துப் பார்த்தியா?"

அவர் பார்த்ததில்லை. கூடைப் பக்கமே திரும்பியதில்லை.

ஐஸ்கிரீம் சோடாவில் நுரை அடங்கிவிட்டது. தாரணிதான் முதலில் வாய் திறந்தாள். "அப்பா, காயாக்ல கட்டவே வேணாம்பா. அந்தத் துணி கடலுக்கு. குளத்துக்குத் தேவையில்ல. சும்மா உக்காருறதுதான்."

"கவுந்தா?" என்றார் புவனேந்திரன்.

"உள்ளேருந்து வெளிய வர்றதுக்கு ஒரு முறை இருக்கு. வீடியோ பார்த்திருக்கேன். பழகணும்."

"வீடியோ பார்த்து சோறு வடிக்கலாம். தண்ணியில எறங்க முடியாது."

"அத்தைக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. அதான். எனக்கு நீங்க சொல்லிக்குடுங்க."

"எனக்கே தெரியாதேம்மா."

"அப்ப முதல்ல நீங்க கத்துக்குங்க."

பவானேஸ்வரி ஏன் சிவப்பைக் காட்டினாள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோபமா, விளையாட்டா, அல்லது தாரணியின் கை தற்செயலாகப் போன இடமா? அக்காவும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது படையல் நெத்திலியைப் பொட்டலம் கட்டித் தாரணி கையில் கொடுத்து, "உங்கப்பன் படகைச் செஞ்சு முடிக்கிற வரைக்கும் அவனை விடாதே" என்றாள்.

அவர் துளைப் படகைத்தான் செய்தார்.

ஒன்பது வாரம். வரைபடத்தில் இருந்ததைவிட ஒவ்வொரு துளையையும் சுற்றிலும் இரண்டு விரல் அகலமாக்கினார். துளையின் விளிம்பை, கை வழுக்காமல் பிடிக்கும்படி, தடிமனாக வைத்து மழுங்கத் தேய்த்தார். இடுப்புத் துணிக்கான பக்கத்தைக் கிழித்துப் போட்டார். கடினமாக இருந்தது தையல்தான். அரைச் சாண் இடைவெளிக்கு ஒரு கம்பி. இரண்டு பலகையின் துளை வழியாகக் கோத்து, முனைகளைச் சேர்த்து, குறட்டால் திருக வேண்டும். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு திருகலிலும் அந்தக் குரல் கேட்டது. பட்டறையில் அறுபது, வீட்டில் நாற்பது. தாரணி உதவிக்கு வந்தாள், கொடுக்கவில்லை. பசை காய்ந்து கம்பிகளை வெட்டி உருவும் நாளில் மட்டும் அவளையும் கலைமதியையும் கூப்பிட்டார். மூவரும் உட்கார்ந்து உருவினார்கள். கம்பித் துண்டுகள் ஒரு மைலோ டின் நிறையச் சேர்ந்தன. படகு கம்பி இல்லாமலே நின்றது. அவர் அதை நம்பாமல் மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்கு லூபோக் சீனா மணல் குளத்துக்குப் போனார்கள். மூவருக்கும் மிதவைச் சட்டை. தூண்டில் போட வந்த இரண்டு மலாய்க்காரர்கள் படகைச் சுற்றி வந்து, "சந்தேக்!", ரொம்ப அழகு, என்று கட்டை விரலைக் காட்டினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறுத்தி, தலைகீழாக இருக்கும்போது அது மேலே தூக்கிப் படகோடு அழுத்திவிடக்கூடும் என்று மிதவைச் சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, புவனேந்திரன் நடுத்துளையில் இறங்கி உட்கார்ந்தார். முன்னால் கலைமதி, பின்னால் தாரணி, தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டார்கள்.

"குனிஞ்சு, விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பேண்ட் கழட்டுற மாதிரி படகைக் கழட்டணும். சரியாப்பா?"

"சரி."

"என்னங்க, வேணாம்னா..." என்றாள் கலைமதி.

"திருப்புங்க."

உலகம் புரண்டது. காதுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாச் சத்தத்தையும் அடைத்தது. கண்ணைத் திறந்தார். பச்சையும் பழுப்புமாக மங்கல். தலைக்குக் கீழே மணல் என்பது தெரிந்தும் உடம்பு அதை வானம் என்றது. கால்கள் மேலே, இருட்டான பெட்டிக்குள். இப்படித்தான் இருந்திருக்கிறது அவளுக்கு. இந்த நிறம்தான். கை தானாக விளிம்புக்குப் போனது. ஆனால் தள்ளவில்லை. அவர் காத்திருந்தார். இங்கேதானே அவள் வர வேண்டும்? பட்டறையில் கவ்வி திருகும்போதெல்லாம் வந்தவள், இங்கே, அவள் இடத்தில், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? காது முழுக்கத் தண்ணீர் மட்டும் இருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரல் வேண்டும் என்று இருந்தது. வரவில்லை. நெஞ்சு எரிந்தது. விளிம்பைத் தள்ளினார். படகு அவரைவிட்டு நழுவியது.

மேலே வந்தபோது தாரணி கத்திக்கொண்டிருந்தாள். "பதினொண்ணு! பதினொண்ணு எண்ணிட்டேன்! ஏன்பா அவ்வளவு நேரம்?"

கலைமதி அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விடவில்லை. அவளும் நனைந்திருந்தாள். "நான் உள்ள வரப் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

படகைக் கரைக்கு இழுத்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். தாரணியும் மிதவைச் சட்டையைக் கழற்றிக் கலைமதியிடம் கொடுத்தாள். படகை மறுபடி இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய், யாரும் கேட்காமலே நடுத்துளைக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப நான். அப்பா, நீங்கதான் திருப்பணும்."

"அம்மா திருப்பட்டும்."

"நீங்கதான். பத்து எண்ணுற வரைக்கும் என்னைத் தொடக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அவர் கலைமதியைப் பார்த்தார். கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு குளத்தின் அக்கரையைப் பார்த்தாள். அங்கே செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கிறது.

"மூச்சு இழுத்துக்க" என்றார். படகின் ஓரத்தைப் பிடித்தார். தள்ளினார்.

பிள்ளையின் தலை தண்ணீருக்குள் போன இடத்தில் குமிழிகள் வந்தன. ஒன்று. படகின் அடிப்பாகம், அவர் மூன்று கோட்டிங் வார்னிஷ் அடித்த அடிப்பாகம், வெயிலில் பளபளத்தது. இரண்டு. குமிழி நின்றது. மூன்று. அவர் கைகள் தண்ணீருக்குள் தாமாக இறங்கின; இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான்கு. "என்னங்க" என்றாள் கலைமதி. ஐந்து. படகு லேசாக ஆடியது. ஆறு என்று சொல்வதற்குள் மறுபக்கத்தில் தண்ணீர் பிளந்து தாரணி எழுந்தாள், தலைமுடி முகம் முழுக்க ஒட்டி, இருமிக்கொண்டு.

"மூக்குல போயிடுச்சு! சே! எத்தனை?"

அவர் கை விரலைக் காட்டினார். ஒரு கையில் ஐந்து, மறு கையில் ஒன்று.

"உங்களைவிட அஞ்சு கம்மி. நீங்க தோத்துட்டீங்க!" மூக்கைச் சிந்திவிட்டுப் படகின் முனையைப் பிடித்து இழுத்தாள். "தண்ணியைக் கொட்டுங்கப்பா, சீக்கிரம். மூக்கைப் பிடிக்காம வர்ற வரைக்கும் செய்யணும்."

தண்ணீரைக் கொட்டினார். அவள் மறுபடி உள்ளே உட்கார்ந்தாள். புவனேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்பளவுத் தண்ணீர், கரையில் மிதவைச் சட்டைகள், தூண்டில்காரர்களின் சிகரெட் புகை. வேறு யாரும் இல்லை. யாரோ இருக்க வேண்டும் போலத்தான் அவருக்கு இருந்தது.

"ரெடியா?"

"ரெடி."

படகைத் திருப்பினார். ஒன்று என்று உரக்க எண்ணத் தொடங்கினார்.